காய்ச்சலும் இரத்தப் பரிசோதனையும்: கடதாசி சொல்வதும் சொல்லாததும்

நாயாற்றில் மீளக் குடியேறிய தாயொருவர் சென்ற மாரியில் என்னிடம் கேட்டார்: "பாதர், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு ஒரு கிழமையாகுது. இப்ப திரும்பவும் ரத்தம் குடுக்க வரச் சொல்லினம். சுகமான பிள்ளையிட்ட என்னத்தைத் தேடினம்?"

நியாயமான கேள்விதான். ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாட்கூலி போய்விடும். அதற்குரிய பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வன்னியில் எமது தலைமுறைக்குக் காய்ச்சல் என்றால் மலேரியாதான். 1984 இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், நாயாறு என ஊரூராக எழும்பிப் போய்க் கொட்டில்களிலும் காட்டோரங்களிலும் இருந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. விரலில் குத்தி ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கிருமியே கண்ணில் படும். கள்ளனைக் கையும் மெய்யுமாகப் பிடிப்பது போன்றது அது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இன்று எம்மைப் பயமுறுத்தும் டெங்கு வைரசினால் வருவது. வைரசு அந்த நுணுக்குக்காட்டிக்கு அகப்படாது. ஆகவே பல வேளைகளில் கள்ளனை அல்ல, அவன் விட்டுச் சென்ற காலடியையே தேடுகிறார்கள்.

அந்தக் காலடிதான் பிறபொருளெதிரி. கிருமி உட்புகுந்ததும் அதை அடையாளம் கண்டு தாக்குவதற்கு உடல் தானே உண்டாக்கும் பொருள் அது. ஐ.ஜி.எம். என்னும் வகை காய்ச்சல் தொடங்கி நாலாம் ஐந்தாம் நாளளவில் தோன்றி, இரண்டு மூன்று மாதம் நிற்கும். ஐ.ஜி.ஜி. என்னும் வகை பிந்தி வந்து பல ஆண்டுகள் நிற்கும். ஆனால் முன்னரே ஒருமுறை டெங்கு வந்தவருக்கு இந்த ஒழுங்கு மாறிவிடும்: ஐ.ஜி.ஜி. முதற்கிழமையிலேயே துள்ளி எழும்பும், ஐ.ஜி.எம். மிகக் குறைவாகவோ காணாமலோ இருக்கலாம்.

இங்கேதான் சிக்கல். டெங்கு வைரசில் நான்கு வகை உண்டு. யப்பானிய மூளைக்காய்ச்சல், சீக்கா, மஞ்சட் காய்ச்சல் ஆகியவற்றின் வைரசுகளும் அதே குடும்பம். மாட்டுக்குக் குறிசுடுவதை அறிந்தவர்களுக்கு இதை விளங்கவைப்பது இலகு. அண்ணன் தம்பிமாரின் பட்டிகளில் குறி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஒருவருக்கு ஒரு கோடு கூட, மற்றவருக்கு ஒரு புள்ளி கூட. மம்மல் நேரத்தில் தூரத்தில் நிற்பவனுக்கு எது யாருடைய மாடு என்று பிடிபடாது. பிறபொருளெதிரியும் அப்படித்தான். ஒரு வைரசுக்கென உண்டானது அதன் உறவுக்கார வைரசிலும் போய் ஒட்டிக்கொள்ளும். பரிசோதனைத் தாளில் 'டெங்கு ஐ.ஜி.ஜி. பொசிற்றிவ்' என்று வரும். உண்மையில் அவருக்கு முன்பு வேறொன்று வந்திருக்கலாம், அல்லது தடுப்பூசி ஏற்றியிருக்கலாம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. இரண்டாவது உறவுக்கார வைரசு வரும்போது உடல் பழைய குறியையே முதலில் நினைத்து, பழையதற்குரிய எதிரியைக் கூடுதலாக உண்டாக்கிவிடும்.

இது எமக்குத் தூரத்துக் கதையல்ல. 1985-86இல் அனுராதபுரம் பக்கத்தில் யப்பானிய மூளைக்காய்ச்சல் பெரிதாகப் பரவியது. நீர்ப்பாசனத்தோடு வயல்கள் விரிந்தன. பன்றி வளர்ப்பும் கூடியது. வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு பன்றியிடமிருந்து மனிதருக்கு வைரசைக் கொண்டு வந்தது. இவ்வைரசு தொற்றுவோரில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கே கடும் நோய் வரும். மற்றவர்கள் தமக்கு வந்தது தெரியாமலே அதன் குறியை இரத்தத்தில் சுமந்து திரிவர். 1988இல் தடுப்பூசி தொடங்கியது; இன்று நாடு முழுவதும் குழந்தைகளுக்கு ஏற்றப்படுகிறது. எனவே இடப்பெயர்விலும் கிளினிக் கொப்பியைக் காப்பாற்றி வைத்திருக்கும் தாய்மாரை நான் மெச்சுகிறேன். அதைக் கையில் கொண்டு போனால் டொக்டருக்கு ஒரு குழப்பம் குறையும்.

மூளைக்காய்ச்சல் என்று சந்தேகித்தால் முள்ளந்தண்டில் நீர் எடுப்பார்கள். "அதை எடுத்தால் பிள்ளை நடக்காது" என்று பலர் மறுத்து விடுகிறார்கள். நோயே பலரை முடமாக்குகிறது. பழி ஊசிக்குப் போய்ச் சேர்கிறது. அந்த நீரில் யப்பானிய மூளைக்காய்ச்சலின் ஐ.ஜி.எம். இருந்தால் அது இரத்தத்தில் காண்பதைவிட நம்பத்தக்கது.

டெங்குவுக்கு முதல் நாட்களில் வேறு வழி உண்டு. என்.எஸ்.1 என்ற பரிசோதனை வைரசின் புரதத்தையே தேடுவது. ஆனால் அதுவும் தவறலாம், விசேடமாக இரண்டாம் முறை வருவோருக்கு. எனக்குத் தெரிந்த கமக்காரர் ஒருவர் காய்ச்சலின் இரண்டாம் நாள் தனியார் இடமொன்றில் பிறபொருளெதிரிப் பரிசோதனை மட்டும் செய்தார். 'இல்லை' என்று வந்தது. இரண்டாம் நாளில் வேறென்ன வரும்? அவர் நோமாத்திரை போட்டுக்கொண்டு வயலுக்குப் போனார். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது, சுகம் என்று மகிழ்ந்தார். அன்று மாலையே கைகால் குளிர்ந்து விழுந்தார். தப்பிவிட்டார், கடவுள் கிருபை. டெங்குவில் ஆபத்து காய்ச்சல் தணியும் அந்த ஓரிரு நாட்களிலேயே. குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசியும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக்கசிவு, சோர்வு, சலம் குறைதல் ஆகியவை அதன் அறிகுறிகள். அதனால்தான் 'டெங்கு' என்று தாளில் எழுதியிருக்கிறதோ இல்லையோ, டொக்டர்மார் இரத்தத்தின் சிறுதட்டுகளையும் தடிப்பையும் தினமும் எண்ணிப் பார்க்கிறார்கள்.

இரண்டாம் முறை வருவது ஏன் கடுமையாகலாம் என்பதும் இதே கதைதான். பழைய பிறபொருளெதிரி புதிய வகையில் ஒட்டும், ஆனால் அதை அழிக்காது; மாறாக வைரசு கலங்களுக்குள் நுழைய உதவிவிடும். 1960களில் பாங்கொக்கில் ஆராய்ந்த ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க மருத்துவர் இதை எடுத்துக்காட்டினார். 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டபோது, முன்னைய ஆண்டுகளில் அதிகம் காணாத இரண்டாம் வகை மேலோங்கியிருந்தது.

சிக்குன்குன்யா வேறு குடும்பம். ஆகவே பிறபொருளெதிரி குழம்பாது. மூட்டுவலியும் காய்ச்சலும்தான் ஆளைக் குழப்பும். வயலில் நிற்பவர்கள் எலிக்காய்ச்சலையும் மறக்கக்கூடாது. அது பற்றீரியாவால் வருவது, மருந்து உண்டு. 'டெங்கு' என்ற ஒரு தாளை நம்பி அந்த மருந்து பிந்தினால் சிறுநீரகம் பழுதாகும். சேற்றில் இறங்கியதை டொக்டரிடம் கேட்காமலே சொல்லுங்கள். காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் கலண்டரில் குறித்து வையுங்கள். எந்தப் பரிசோதனை பயன்படும் என்பது அந்தத் திகதியில்தான் தங்கியிருக்கிறது. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் போதும். அஸ்பிரின், புரூபன் வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். முதல் இரத்தத்தில் உள்ள பிறபொருளெதிரி பழையதா புதியதா என்று ஒரு தடவையில் சொல்ல முடியாது. இரண்டு கிழமை கழித்து எடுக்கும் இரத்தத்தில் அது நான்கு மடங்கோ மேலாகவோ ஏறியிருந்தால் இது இப்போதைய தொற்று. எந்த வைரசு என்பதை இன்னும் திட்டமாக அறியப் பெரிய ஆய்வுகூடங்களில் உயிருள்ள வைரசோடு அந்த நீர்ப்பாயத்தைக் கலந்து, எதை அது கூடுதலாக முடக்குகிறது என்று பார்ப்பார்கள், நாட்கள் எடுக்கும். பிள்ளைக்கு அதனால் புதிதாக மருந்து எதுவும் வராது, அதையும் அவரிடம் மறைக்கவில்லை. ஆனால் ஊரில் திரிவது எது என்று தெரிந்தால்தான் பீப்பாவையும் தறப்பாள் மடிப்பில் தேங்கும் நீரையும் கவிழ்ப்பதா, பன்றிப் பட்டியையும் வயலையும் கவனிப்பதா என்று சுகாதாரப் பரிசோதகர் முடிவெடுக்கலாம். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, மற்றது மம்மலுக்குப் பின் கடிப்பது.

"அப்ப இது என்ர பிள்ளைக்கில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு" என்றார். பதின்நான்காம் நாள் காலை பஸ்ஸில் இருவரையும் கண்டேன்.