வானத்துப் பாதையைக் காக்கும் கணிதம்

கணவரையோ பிள்ளையையோ வளைகுடாவுக்கு வழியனுப்பிவிட்டு, "போய்ச் சேர்ந்துவிட்டேன்" என்ற செய்தி வரும்வரை நிம்மதியின்றி இருக்கும் வீடுகள் நம்மில் அநேகம். அந்தப் பயணிகளை வானில் காக்கும் ஏற்பாடுகளில் கணிதத்துக்கும் பங்குண்டு என்பதை அறிவீர்களா?

1996 நவம்பர் 12 அன்று புதுடில்லிக்கு அப்பால், சார்க்கி தாத்ரி என்னும் இடத்துக்கு மேலே சவூதி விமானமொன்றும் கஸகஸ்தான் விமானமொன்றும் மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரும் மாண்டனர். பிழைப்புக்காகச் சவூதிக்குப் புறப்பட்ட தொழிலாளர்கள் அவர்களுள் பலர். கஸகஸ்தான் விமானம் தனக்குக் குறிக்கப்பட்ட 15,000 அடி உயரத்தைவிடக் கீழே இறங்கியதே காரணம். அதன் பின்னர் இந்தியா மோதல் தவிர்ப்புக் கருவியைக் கட்டாயமாக்கியது.

இக்கருவியின் அடிப்படை எளிய வகுத்தல் கணக்குத்தான். நிமிடத்துக்கு 15 கிலோமீற்றர் வீதம் இரு விமானங்கள் எதிரெதிரே வந்தால், இடைவெளி நிமிடத்துக்கு 30 கிலோமீற்றர் குறையும். 15 கிலோமீற்றர் மீதமிருந்தால் அவகாசம் 30 செக்கன் மட்டுமே! ஆபத்து நெருங்கியதும் கருவி ஒரு விமானியை "ஏறு" என்றும் மற்றவரை "இறங்கு" என்றும் பணிக்கும்.

மனிதர் அதைக் கேளாவிட்டால்? 2002 ஜூலை 1 இரவு, ஜேர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே ரஷ்யப் பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் நெருங்கின. தரையிலிருந்த கட்டுப்பாட்டாளர் ரஷ்ய விமானியை "இறங்கு" என்றார்; சில செக்கன்களில் கருவி "ஏறு" என்றது. விமானி இறங்கினார். சரக்கு விமானமும் தன் கருவியின் சொற்படி இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர் பலியாகினர்; பெரும்பாலோர் பள்ளிச் சிறுவர்கள். இரண்டும் முரண்பட்டால் கருவி சொல்வதையே கேட்கவேண்டும் என்ற விதி பின்னர் உறுதியாக்கப்பட்டது.

விதியோடு கணக்கும் வளர்ந்தது. அமெரிக்காவின் மசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த லிங்கன் ஆய்வுகூடத்தார் புதிய கணித மாதிரியுரு ஒன்றை அமைத்தனர். மற்ற விமானம் நேராகவே வரும் என்று அது நம்பியிருப்பதில்லை. அது திரும்பலாம், ஏறலாம், விமானி தாமதிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கிறார்கள். மோதலுக்கு மிகப் பெரிய தண்டப் புள்ளி. வீண் எச்சரிக்கைக்குச் சிறிய தண்டப் புள்ளி. வீணாகக் கத்தும் மணியை யாரும் மதிப்பதில்லை அல்லவா? மொத்தத் தண்டம் ஆகக் குறையும் வழியை முன்கூட்டியே அட்டவணையாக்கி வைத்தால், வானில் கருவி அதைப் பார்த்துச் சொல்லிவிடும். இலட்சக்கணக்கான சந்திப்புகளைக் கணனியில் நடத்திப் பார்த்தே இதைச் சோதித்தார்கள்.

"நிகழ்தகவு படித்து என்ன பயன்?" என்று கணிதப் புத்தகத்தோடு அமர்ந்திருக்கும் உங்கள் மகள் சலித்துக்கொள்ளக்கூடும். வாப்பா ஏறும் விமானத்தைக் காக்கும் வழியை இன்று அதைக் கொண்டே வகுக்கிறார்கள் என்று அவளுக்குச் சொல்லுங்கள்.