ஊர் கூடிச் சமைக்கும் கலைக்களஞ்சியம்

வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய சத்திய தருமசாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்து வருபவரிடம் அங்கே சாதியோ மதமோ ஊரோ கேட்பதில்லை. அரிசியும் பருப்பும் காய்கறியும் அன்பர்கள் கொண்டுவந்து கொடுப்பவை. விக்கிப்பீடியா எப்படி இயங்குகிறது என்று கேட்பவர்களுக்கு இப்படியொரு அன்னதான அடுக்களையைத்தான் காட்டத் தோன்றுகிறது. 2001 சனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்துக்கு 2003-இல் தமிழிலும் அடுப்பு மூட்டினார்கள். இன்று தமிழில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கூலி வாங்காத கைகள் ஆக்கியவை.

இந்த அடுக்களைக்குள் புதிதாக வருபவர் பலருக்கும் முதல் வாரத்திலேயே மனம் நோகிறது. ஆசையாக எழுதிய பத்தி நீக்கப்படுகிறது. ஏற்றிய படம் இரண்டு நாளில் காணாமல் போகிறது. 'யாரும் தொகுக்கலாம் என்றுதானே சொன்னீர்கள்?' என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. யாரும் தொகுக்கலாம் என்பது உண்மை. ஆனால் ஊருக்கே பரிமாறப்போகும் அண்டாவில் எதையும் போடுவதற்கு முன் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: இந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது? எழுத்துக்கான விதிகள், படத்துக்கான விதிகள் எல்லாமே இந்த ஒரு கேள்வியிலிருந்து முளைத்தவைதான். இதைப் பிடித்துக்கொண்டால் பக்கம் பக்கமாகக் கிடக்கும் வழிகாட்டல்களை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை.

முதலில் எழுத்து. எங்கள் ஊர்க் கோயிலைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று உட்கார்ந்து எழுதத் தொடங்குகிறோம். வீட்டுச் சமையலுக்குக் கைப்பக்குவம் போதும், சாப்பிடுகிறவருக்கு நம்மைத் தெரியும். பந்தியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆக்கியவர் முகமே தெரியாது. அவர் நம்பிச் சாப்பிட வேண்டுமென்றால், அரிசி எந்தக் களத்திலிருந்து வந்தது என்று அவரே போய்ப் பார்க்க வழி இருக்கவேண்டும். விக்கிப்பீடியர்கள் 'மெய்யறிதன்மை' என்பது இதைத்தான். தொல்லியல் துறை வெளியீடு, பல்கலைக்கழக நூல், பொறுப்பான நாளிதழின் செய்தி என்று நம்மைச் சாராத, பிறர் திறந்து பார்க்கக்கூடிய சான்று வேண்டும். வாட்சப்பில் வந்த தலபுராணமும் முகநூல் பதிவும் சான்றாகா. கல்வெட்டை நீங்களே படித்துப் புதிய காலக்கணிப்பு ஒன்றைக் கண்டடைந்திருந்தால் அது பெரிய காரியம். அதை முதலில் ஓர் ஆய்விதழில் வெளியிடுங்கள். துறையறிந்தவர்கள் சோதித்த பிறகு களஞ்சியத்துக்கு வரலாம். பரிசோதனைப் பதார்த்தத்தை முதன்முதலில் ஊர்ப்பந்தியில் வைப்பதில்லை.

விக்கிப்பீடியாவின் ஒரு கட்டுரைக்கு இன்னொரு விக்கிப்பீடியாக் கட்டுரையும் சான்றாகாது. ஏன் என்பதற்கு நடந்த கதை ஒன்று உண்டு. 2008-இல் அமெரிக்க மாணவர் ஒருவர், தென்னமெரிக்கக் காடுகளில் வாழும் கோட்டி என்ற விலங்குக்கு 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்ற பெயரும் உண்டு என்று ஆங்கிலக் கட்டுரையில் விளையாட்டாகச் சேர்த்தார். ஆர்ட்வார்க் ஆப்பிரிக்க விலங்கு, கோட்டிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் அந்தப் பெயரைப் பார்த்துப் பிரித்தானிய நாளிதழ்கள் எழுதின, பல்கலைக்கழகப் பதிப்பக நூல் ஒன்றிலும் அது ஏறியது. பிறகு அச்சில் வந்ததையே சான்றாகக் காட்டி அந்தப் பெயர் கட்டுரையில் நிலைத்து நின்றது. பொய் தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு மெய்யாகிவிட்டது. தமிழில் இந்த ஆபத்து இன்னும் பெரிது என்றே நினைக்கிறேன். பல பொருள்களுக்கு இணையத்தில் இருக்கும் ஒரே தமிழ்ப் பக்கம் விக்கிப்பீடியாதான். பள்ளிப் பிள்ளையும் செய்தியாளரும் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள்.

அடுத்தது உப்பும் காரமும். நூறு நாக்குக்கும் பொதுவாக இருக்கவேண்டும். 'ஒப்பற்ற', 'மாபெரும்', 'தன்னிகரில்லா' போன்ற அடைமொழிகள் நம் மேடைப்பேச்சிலும் வாழ்த்துமடலிலும் ஊறியவை, எழுதும்போது தாமாகவே வந்து விழும். களஞ்சியத்தில் அவற்றை எடுத்துவிட்டு அந்த மனிதர் செய்ததை மட்டும் எழுதினால் போதும். செய்தது பெரிதாக இருந்தால் படிப்பவருக்கே தெரியும். அறிஞர்கள் மாறுபடும் இடத்தில் நாம் தீர்ப்பு எழுதுவதில்லை. திருவள்ளுவர் காலம் ஓர் எடுத்துக்காட்டு. தமிழ்நாடு அரசு கி.மு. 31-ஐக் கொண்டு திருவள்ளுவர் ஆண்டைக் கணக்கிடுகிறது. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் திருக்குறளைக் கி.பி. 450-க்கும் 500-க்கும் இடையில் வைத்தார். யார் எதைச் சொன்னார், எந்த ஆதாரத்தில் சொன்னார் என்று இரண்டையும் எழுதவேண்டும். உங்கள் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது கட்டுரையில் தெரியவே கூடாது.

உயிரோடிருப்பவரைப் பற்றி எழுதும்போது கை இன்னும் கூசவேண்டும். 2005-இல் சான் சீகந்தாலர் என்ற அமெரிக்க இதழாளரின் வாழ்க்கைக் குறிப்பில், கென்னடி படுகொலையில் அவர் மேல் ஐயம் இருந்ததாக யாரோ எழுதிவைத்தார்கள். முழுப் பொய். நான்கு மாதத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது. அதன் பிறகுதான் ஆங்கில விக்கிப்பீடியாவில் பதிவு செய்யாதவர்கள் புதுக் கட்டுரை தொடங்குவது நிறுத்தப்பட்டது, வாழும் மனிதர்கள் குறித்த விதிகளும் இறுகின. சான்றில்லாத குற்றச்சாட்டைக் கண்டால் விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே நீக்கலாம்.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் ஒரு சொல். 2009 வாக்கில் கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றியது. கட்டுரைகள் நீளமாக இருந்தன, வாசிக்க முடியவில்லை. தமிழ்ப் பயனர்கள் அதை வெளிப்படையாக எடுத்துச் சொல்லித் தரம் கேட்டார்கள். இன்று இயந்திர மொழிபெயர்ப்பு எவ்வளவோ தேறியிருக்கிறது. ஆனாலும் அதை அப்படியே இலையில் இறக்காதீர்கள். ஒவ்வொரு வரியையும் பதம் பார்த்து, சான்றுகளைத் திறந்து பார்த்து, பிறகு பதியுங்கள்.

இனி படம். அதிகக் கண்ணீர் சிந்தப்படும் இடம் இதுதான். கூகுள் தேடலில் கிடைத்த படத்தை எடுத்து, ஏற்றும் படிவத்தில் 'என் சொந்த ஆக்கம்' என்று குறித்துவிடுகிறோம். அடுத்தவர் தோட்டத்துக் காயை என் தோட்டத்தில் விளைந்தது என்று சொல்லிக் கொடுப்பது போன்றது இது. தீய எண்ணம் இருப்பதில்லை, அறியாமைதான். ஆனால் விளைவு பெரியது. விக்கித் திட்டங்களுக்கெல்லாம் பொதுவான படக்கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் ஒரு படம் ஏறிவிட்டால் உலகில் யாரும் அதை எடுத்துக்கொள்ளலாம். பாடநூல் அச்சிடுபவர் எடுப்பார், சிவகாசியில் நாட்காட்டி அடிப்பவர் எடுப்பார், காசுக்கும் விற்பார். அந்த உரிமையைத் தருவதுதான் பொதுவகத்தின் அடிப்படை. திருட்டுச் சரக்கை அவர் கையில் கொடுத்தால் வழக்கில் அவர் மாட்டுவார். 'கல்விக்கு மட்டும்', 'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற நிபந்தனையோடு வரும் படங்களைப் பொதுவகம் ஏற்காததும் இதனால்தான்.

படத்தின் உரிமை யாருடையது? படத்தில் இருப்பவருடையது என்று பலர் நினைக்கிறார்கள், தம் கையில் பிரதி இருந்தால் தமக்கே என்றும் நினைக்கிறார்கள். பொதுவாக உரிமை எடுத்தவருக்கே. எழுத்தாளர் தம் படத்தை உங்களுக்கு வாட்சப்பில் அனுப்பி 'போட்டுக்கொள்ளுங்கள்' என்றாலும், அதை எடுத்த ஒளிப்படக்காரரின் அனுமதி வேண்டும். இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு: ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன ஒளிப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். குடும்பம் பணம் கொடுத்து நிழற்படக்கூடத்தில் எடுத்த தாத்தா படத்துக்கு இது உதவக்கூடும். அப்போதும் வாய்வார்த்தை போதாது. உரிமையாளர் எந்தப் படத்தை எந்த உரிமத்தில் தருகிறார் என்று தெளிவாக எழுதி மின்னஞ்சல் அனுப்பவேண்டும். அதைச் சரிபார்க்கவே ஒரு தன்னார்வலர் குழு இருக்கிறது. உரிமம் கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது என்பதையும் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். அதை மறைத்து வாங்கும் அனுமதி அனுமதியே அல்ல.

அரசுத் தளத்தில் இருந்தால் பொதுச்சொத்து என்பதும் தவறு. அமெரிக்கக் கூட்டரசு ஊழியர்கள் பணியில் ஆக்கியவற்றுக்கு அந்நாட்டில் காப்புரிமை இல்லை, அதனால்தான் நாசாவின் படங்கள் இவ்வளவு புழங்குகின்றன. இந்திய அரசின் ஆக்கங்களுக்கு வெளியான பின் 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. திறந்த உரிமம் வெளிப்படையாகத் தரப்பட்டிருந்தால் மட்டுமே எடுக்கலாம். பழைய எழுத்துகளுக்கு இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு, இலங்கையில் 70 ஆண்டு என்பது பொதுக்கணக்கு. பொதுவகம் அமெரிக்கச் சட்டத்தையும் சேர்த்தே பார்க்கும்.

நீங்களே எடுத்த படத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிலையையும் கட்டடத்தையும் படமெடுத்து வெளியிட இந்தியச் சட்டம் இடம் தருகிறது. மெரினா கடற்கரைச் சிலைகளை எடுக்கலாம். ஆனால் சுவரில் வரைந்த புது ஓவியத்துக்கும் ஒட்டியிருக்கும் திரைப்படச் சுவரொட்டிக்கும் அந்தச் சலுகை இல்லை. அவற்றின் உரிமை வரைந்தவரிடமோ தயாரிப்பாளரிடமோ இருக்கிறது.

அப்படியானால் திரைப்படக் கட்டுரையில் சுவரொட்டி எப்படி இருக்கிறது? அது 'நியாயப் பயன்பாடு' என்ற தனி ஏற்பாடு. அந்தப் படம் பொதுவகத்துக்குப் போகாது, தமிழ் விக்கிப்பீடியாவிலேயே சிறிய அளவில், அந்தக் கட்டுரைக்கு மட்டும், காரணம் எழுதி ஏற்றப்படும். வாழும் நடிகரின் முகத்தைக் காட்ட இந்த வழியைப் பயன்படுத்த முடியாது. அவரை இன்னும் யாராவது நேரில் படமெடுத்துக் கட்டற்ற உரிமத்தில் தரமுடியும் அல்லவா? விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம் 2007-இல் எடுத்த தீர்மானம் அது. பட அளவில் பொதுவகத்தின் வழக்கம் இதற்கு நேரெதிர்: கையில் இருக்கும் மிகப் பெரிய அளவிலேயே ஏற்றுங்கள். பெயரை நீர்க்குறியாகப் படத்தின் மேல் எழுதாதீர்கள், விவரப் பக்கத்தில் உங்கள் பெயர் எப்படியும் இருக்கும். கோப்புக்குக் கைப்பேசி தந்த எண்ணை விட்டுவிட்டு, இன்ன ஊர், இன்ன ஏரி, இன்ன மதகு என்று பெயர் வையுங்கள். பகுப்புச் சேர்க்காத படம் இருந்தும் இல்லாத மாதிரி.

நீங்கள் எழுதியதை ஒருவர் நீக்கினால் மறுபடி திணிக்காதீர்கள். நீக்கியது அழிந்துபோவதில்லை. கட்டுரையின் 'வரலாறு' பக்கத்தில் முந்தைய வடிவங்கள் இருக்கும், நீக்கியவர் சொன்ன காரணமும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். பேச்சுப் பக்கத்தில் போய், 'இன்ன நூலின் இன்ன பக்கத்தில் இருக்கிறது, ஏன் ஏற்கவில்லை?' என்று கேளுங்கள். பதில் வரும். வராவிட்டால் ஆலமரத்தடி இருக்கிறது, தமிழ் விக்கிப்பீடியர்கள் கூடிப் பேசும் பக்கத்துக்கு அதுதான் பெயர். பழையவர்களுக்கும் இதில் கடமை உண்டு. காரணம் சொல்லாமல் நீக்கிவிட்டுப் போவது, கைகொடுக்க வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்புவதற்குச் சமம். அந்த ஒரு வரி விளக்கத்துக்கு அரை நிமிடம் போதும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், உங்கள் ஊர்க் கட்டுரையைத் திறந்து பாருங்கள். படம் இருக்காது, அல்லது எப்போதோ எடுத்த மங்கலான ஒன்று இருக்கும். கைப்பேசியோடு போய்ப் பெரியகுளத்தையும் பழைய பள்ளிக் கட்டடத்தையும் வாரச்சந்தையையும் எடுங்கள். அந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் உங்களைக் கேட்கவேண்டியிருக்காது. பிறகு மாவட்ட நூலகத்தில் மாவட்ட விவரச்சுவடியோ ஊர் வரலாறோ கிடைத்தால், அதிலிருந்து ஒரே ஒரு செய்தியை உங்கள் சொந்த நடையில் எழுதி, நூற்பெயர், ஆசிரியர், பதிப்பு ஆண்டு, பக்க எண் சேர்த்து மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பதியுங்கள்.