பழைய படகு இயந்திரத்தின் வெப்ப உணரி

படகின் பின்பலகையில் மாட்டப்படும் அவுட்போர்டு இயந்திரம், தன்னைக் குளிர்விக்கும் நீரைப் படகு செல்லும் கடலிலிருந்தோ ஆற்றிலிருந்தோ நேராக உறிஞ்சிக்கொள்வதால், அதற்குக் காரில் உள்ளது போன்ற ரேடியேட்டர் தேவைப்படுவதில்லை. இயந்திரத்தின் அடிப்பகுதியில் சுழலும் இம்பெல்லர் என்னும் ரப்பர் இதழ்ச் சக்கரம் அந்நீரை மேலேற்றி, சிலிண்டர்களைச் சுற்றி ஓடச் செய்து வெளியேற்றுகிறது. நீர் புகும் துளையைப் பாசியோ பிளாஸ்டிக் தாளோ அடைத்துவிட்டால், அல்லது இதழ்கள் முறிந்துவிட்டால், சில நிமிடங்களிலேயே பிஸ்டன் வெப்பத்தால் விரிந்து சிலிண்டர்ச் சுவரோடு இறுகிக்கொள்ளும். அந்நிலை நேரும் முன் எச்சரிப்பதே சிலிண்டரின் தலைப்பகுதியில் பதிக்கப்பட்டுள்ள வெப்ப உணரியின் பணி.

அமெரிக்காவின் அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன் தயாரித்த ஜான்சன், எவின்ரூட் இயந்திரங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அந்நிறுவனம் 2000ஆம் ஆண்டில் திவாலாகி, எவின்ரூட் உற்பத்தியும் 2020இல் நிறுத்தப்பட்டுவிட்ட போதிலும், அவற்றின் பழைய இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றின் உணரி உண்மையில் ஒரு சுவிட்ச் மட்டுமே: குறித்த வெப்பநிலையை எட்டியதும் அது மூடிக்கொண்டு, வெளிர் பழுப்பு நிறக் கம்பியை இயந்திரத்தின் உலோக உடலோடு, அதாவது எர்த்தோடு, இணைக்க ஹாரன் ஒலிக்கிறது, சில மாடல்களில் இயந்திரத்தின் வேகமும் தானாகவே நிமிடத்திற்கு ஏறக்குறைய 2500 சுழற்சிகளாகக் குறைக்கப்படுகிறது. வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் தெர்மிஸ்டர் வகை உணரி இதனின்றும் வேறானது. அது அளவுமானிக்கு உரியது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பொருத்தினால் எச்சரிக்கை அமைப்பு முறையாக இயங்காது.

ஹாரன் ஒலித்தவுடன் உணரியைக் குறைகூறி மாற்றிவிடுவது ஆபத்தான பழக்கம். வெப்பம் மெய்யாகவே ஏறியிருக்கலாம் என்பதால், இம்பெல்லரையும், நீரோட்டத்தை வெப்பத்திற்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும், உப்புப் படிந்த நீர்வழிகளையும் முதலில் ஆராய வேண்டும். கழற்றிய உணரியை வெப்பமானியுடன் நீரில் தொங்கவிட்டுச் சூடாக்கி, அது எந்த வெப்பநிலையில் மூடுகிறது என்பதை மல்டிமீட்டரால் அறியலாம். 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியே மூடும் உணரிகளுக்கு எண்ணெய் தேவைப்படும்.

மாற்றும் வேலை, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, ஆறிய இயந்திரத்தில் செய்யப்பட வேண்டியது. சில மாடல்களில் உணரி ரப்பர் உறையுடன் அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். திருகு வகையாயின், உப்பரித்த மரையை முரட்டுத்தனமாகத் திருகினால் அலுமினியத் தலைப்பகுதியே பழுதாகிவிடும் என்பதால், ஊடுருவும் எண்ணெய் விட்டுப் பொறுமையாகத் தளர்த்துவதே முறை. ஒற்றைக் கம்பி கொண்ட திருகு வகை உணரி தன் மரையின் வழியாகவே எர்த் பெறுவதால், அதன்மேல் டேப் சுற்றுவது தவறு. கம்பியின் உறைக்குள் செம்பு பச்சை பூத்திருந்தால், உணரி புதியதாயினும் பயனில்லை. அப்பகுதியை வெட்டி நீக்கி, வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியால் இணைக்க வேண்டும்.

பின்னர் இயந்திரத்தை நீரூட்டியே ஓட்டிப் பார்க்க வேண்டும். உலர்ந்த நிலையில் ஓட்டினால் இம்பெல்லரின் இதழ்கள் கெடும். சாவியைத் திருப்பி, அந்தப் பழுப்புக் கம்பியை எர்த்தில் தொட்டால் ஹாரன் ஒலிக்க வேண்டும். ஒற்றைக் கம்பி அமைப்புடைய பழைய இயந்திரத்தை வைத்திருப்போர், நீண்ட ஓய்வுக்குப் பின் கடலில் இறங்கும் முன் இச்சோதனையை ஒருமுறையேனும் செய்துகொள்ளுதல் வேண்டும்.