சுரங்கம் மூடிய நிலத்தில் மரம் நட்டால் போதுமா? புல்வெளி மீட்பு ஏன் அவசியம்?

புதுதில்லி: சுரங்கப் பணி முடிந்த நிலத்தில் எத்தனை மரக்கன்றுகள் நடப்பட்டன என்பதே, அந்நிலம் சீரமைக்கப்பட்டதற்கான அளவுகோலாக நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. ஆனால், பல சுரங்கப் பகுதிகள் முன்பு மேய்ச்சல் நிலமாகவோ இயற்கைப் புல்வெளியாகவோ இருந்தவை. அங்கு இழக்கப்பட்டது புல் எனில், மீட்கப்பட வேண்டியதும் புல்லே.

நீதிமன்றம் கூறியது என்ன?

‘காமன் காஸ்’ அமைப்பு தொடர்ந்த வழக்கில், அப்போதைய தலைமை நீதிபதி எஸ்.ஏ.போப்டே தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு 2020 ஜனவரி 8-ஆம் தேதி முக்கிய உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. சுரங்கப் பணியால் புல் முற்றிலும் அழிந்து, தாவர உண்ணிகளுக்குத் தீவனம் இல்லாமல் போவதை அமர்வு சுட்டிக்காட்டியது. பணி முடிந்ததும் குத்தகைதாரர் தமது செலவில் அங்கு மீண்டும் புல் வளர்க்க வேண்டும் என்ற நிபந்தனையை விதிக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அதன்படி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதே மாதம் 16-ஆம் தேதி சுற்றறிக்கை வெளியிட்டது. தீவனம், தாவரங்கள், விலங்குகள் ஆகியவற்றுக்கு ஏற்ற நிலைக்கு நிலத்தைக் கொண்டுவர வேண்டும் என்பதே நிபந்தனையின் சாரம்.

புல் எளிதில் முளைக்காதது ஏன்?

திறந்தவெளிச் சுரங்கங்களில் தோண்டிக் குவிக்கப்படும் கழிவு மண்ணில் கற்களே மிகுதி. தழைச்சத்தும் அங்ககப் பொருளும் மிகக் குறைவு, நீர் தங்குவதில்லை. தொடக்கத்தில் அகற்றப்படும் வளமான மேல்மண்ணைப் பாதுகாப்பது கட்டாயம் என்றாலும், அது உயரமான குவியலாக ஆண்டுக்கணக்கில் கிடந்தால் உள்ளிருக்கும் விதைகளும் நுண்ணுயிர்களும் மடிந்துவிடும். எனவே, மேல்மண்ணை எவ்வளவு விரைவில் பரப்புகிறோமோ அவ்வளவு நல்லது.

இத்தகைய குவியல்களில் தானாகவே முதலில் வேரூன்றும் தாவரங்களுள் ஒன்று, வட இந்தியாவில் ‘காஸ்’ எனப்படும் நாணல் வகைப் புல். புற்களின் சல்லிவேர்கள் மண்ணைப் பிணைத்து அரிப்பைத் தடுக்கின்றன. ஆண்டுதோறும் காய்ந்து மக்கும் தாள்களும் வேர்களும் மண்ணுக்கு உரமாகின்றன. உடன் வளரும் பயறு வகைச் செடிகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் நிலைநிறுத்துகின்றன.

மரம் நடுவது தவறா?

காடு இருந்த இடத்தில் மரம் தேவை. ஆனால், புல்வெளி இருந்த இடத்தில் நெருக்கமாக மரம் நட்டால், நிழலில் புல் மறைந்துவிடும். கர்நாடகத்தின் குதுரேமுக் மலைப்பகுதி சோலைக்காடுகளும் புல்வெளிகளும் கலந்தது. துங்கா, பத்ரா, நேத்ராவதி ஆறுகளின் பிறப்பிடம். அங்கு உச்சநீதிமன்ற உத்தரவின்படி 2005-ஆம் ஆண்டு இறுதியில் இரும்புத்தாதுச் சுரங்கம் மூடப்பட்டது. ஆனால், சுரங்கப் பகுதியில் அகேசியா போன்ற அயல்நாட்டு மரங்களே பெருமளவில் நடப்பட்டிருந்தன. பசுமை திரும்பினாலும், பழைய புல்வெளி திரும்பியதாகாது.

தில்லி காட்டும் வழி

தில்லி வசந்த் விகார் அருகேயுள்ள ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா, சுரங்கங்களால் சிதைந்து சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த நிலம். தில்லி வளர்ச்சி ஆணையமும் தில்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இணைந்து, சீமைக் கருவேலத்தின் கிளைகளைக் கழித்து வெளிச்சத்துக்கு வழிவிட்டு, ஆரவல்லி மலைக்கே உரிய புற்களையும் மரங்களையும் படிப்படியாக வளர்த்தனர்.

எஞ்சியுள்ள சவால்

உள்நாட்டுப் புல் விதை சந்தையில் எளிதில் கிடைப்பதில்லை. அவை ஒரே நேரத்தில் முதிர்வதில்லை என்பதால் கையால் சேகரிக்க வேண்டியுள்ளது. பல விதைகள் சில மாத உறக்கத்துக்குப் பிறகே முளைக்கும். ஆகவே, விரைவில் வளரும் அயல் தீவனச் செடிகளை விதைத்து நிபந்தனையை நிறைவேற்றியதாகக் காட்டும் வாய்ப்பு உண்டு.

புல் வேரூன்றும் வரை, முதல் சில பருவமழைக் காலங்களில் மேய்ச்சலையும் தவிர்க்க வேண்டும். ஏற்கெனவே மேய்ச்சல் நிலத்தை இழந்த கிராமத்தினரிடம் வேலியை மட்டும் காட்டினால் அது நிலைக்காது. புல்லை அறுத்துச் செல்லும் உரிமையை அவர்களுக்கு அளிப்பது, நிலத்தைக் காக்கும் பொறுப்பில் அவர்களையும் பங்காளிகளாக்கும்.

நடப்பட்ட கன்றுகளின் எண்ணிக்கையைக் கொண்டு இந்தச் சீரமைப்பை மதிப்பிட இயலாது. சில ஆண்டுகளுக்குப் பின் அங்கு எத்தனை வகை உள்நாட்டுப் புற்கள் தாமாக விதைத்துப் பெருகுகின்றன, கால்நடைகளுக்கு எவ்வளவு தீவனம் கிடைக்கிறது என்பனவே நிலம் மீண்டதற்கான உண்மையான சான்று.