பாரிமுனையின் பாரி யார்?

சென்னை உயர்நீதிமன்றத்தை அடுத்துள்ள நாற்சந்திக்குப் 'பாரிமுனை' என்று பெயர். ஆற்காட்டிலிருந்து பாலாற்றைக் கடந்தால் வரும் இராணிப்பேட்டையிலும் இப்பெயர் மக்கள் நாவில் பழகியதே. பாரி கம்பெனியார் 1906-இல் அங்கே சூப்பர் பாஸ்பேட் உரத் தொழிற்சாலையை நிறுவினர். 'பாரிவேர்' என்ற பெயர் பெற்ற பீங்கான் பொருள்களும் அவ்வூரில்தான் உருவாயின.

பாரி என்றதும் பறம்புமலையை ஆண்ட வள்ளலை நினைப்போர் பலர். ஆனால் இந்தப் பாரிக்கும் அந்தப் பாரிக்கும் ஒலி ஒற்றுமை ஒன்றைத் தவிர வேறு உறவு கிடையாது. இது வேல்ஸ் நாட்டிலிருந்து கப்பலேறி வந்த ஒரு குடும்பப் பெயர். அது பிறந்து வளர்ந்த கதையில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

வணிகர் தாமஸ் பாரி

தாமஸ் பாரி 1768-இல் வேல்ஸில் பிறந்தவர். 1788-இல் சென்னைக்கு வந்து வணிகம் தொடங்கினார். தோல் பதனிடும் தொழிலிலும் அவர் ஈடுபட்டார் என்பது ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தாருக்குச் சுவையான செய்தியாகும். சாந்தோமில் அவருக்கு ஒரு தோல் பதனிடும் சாலை இருந்தது. 1824-இல் காலரா நோயால் அவர் இறந்தார். பாரிமுனையில் 1940-இல் எழுந்த கட்டடத்துக்கு அவருடைய கூட்டாளியின் பெயரால் 'டேர் ஹவுஸ்' என்று பெயரிட்டனர். ஆயினும் முனை பாரியின் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் தொடங்கிய நிறுவனம் 1981-இல் முருகப்பா குழுமத்தின் கைக்கு வந்தது.

பெயர் புணர்ந்த விதம்

வேல்ஸ் நாட்டவரின் மொழி ஆங்கிலம் அன்று. கெல்டிக் இனத்தைச் சேர்ந்த தனி மொழி. அதில் 'மாப்' என்றால் மகன். பெயர்களுக்கு நடுவே வரும்போது அது 'அப்' எனக் குறுகும். 'ரிஸ் அப் ஹாரி' என்றால் 'ஹாரியின் மகன் ரிஸ்' என்று பொருள். (நம்முடைய 'அப்பா'வுக்கும் இந்த 'அப்'புக்கும் தொடர்பு இல்லை. இதுவும் தற்செயலான ஒலி ஒற்றுமையே.)

நம் இலக்கணத்தில் நிலைமொழியும் வருமொழியும் புணர்வதுபோல இங்கேயும் ஒரு புணர்ச்சி நிகழ்ந்தது. 'அப் ஹாரி' என்று விரைவாகச் சொல்லிப் பாருங்கள். ஹகர ஒலி மறையும். பகரம் அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் உள்ள அகரம் தேய்ந்துவிடும். எஞ்சுவது 'பாரி'. இவ்வாறே 'அப் ரிஸ்' பிரைஸ் ஆயிற்று. 'அப் ஹவெல்' பவெல் ஆயிற்று. 'அப் ரிச்சர்ட்' பிரிச்சர்ட் ஆயிற்று. உயிரெழுத்துக்கு முன் 'அப்' என்பது 'அப்' என்றே வல்லொலியாக நில்லாமல் மென்மையாக ஒலிக்கும். அதனால் ஓவனின் மகன் போவன் ஆனான்.

ஹாரி என்பது ஹென்றியின் பேச்சு வடிவம். ஹென்றி பழைய ஜெர்மானியப் பெயர். அதில் 'இல்லம்', 'ஆள்வோன்' என்னும் இரு சொற்கள் அடங்கியுள்ளன. நார்மானியர் 1066-இல் இங்கிலாந்தை வென்றபின் அப்பெயர் அந்நாட்டில் பரவியது.

உறைந்துபோன தந்தை பெயர்

பண்டை வேல்ஸில் குடும்பப் பெயர் என்பதே இல்லை. ஹாரியின் மகன் ரிஸ், 'ரிஸ் அப் ஹாரி'. அவனுடைய மகன் எட்வர்ட், 'எட்வர்ட் அப் ரிஸ்'. தலைமுறைதோறும் பின்பெயர் மாறிக்கொண்டே இருந்தது. 1536 முதல் 1543 வரை இயற்றப்பட்ட சட்டங்களால் வேல்ஸ் இங்கிலாந்தின் ஆட்சிமுறைக்குள் முழுமையாக வந்தது. நீதிமன்றமும் வரிப்பதிவும் ஆங்கில முறைக்கு மாறின. தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பின்பெயர் இருக்கும் வழக்கம் மேல்தட்டுக் குடும்பங்களில் முதலில் பரவிற்று. ஒதுக்குப்புறங்களில் பழைய முறை பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைகூட நீடித்தது.

எந்தத் தலைமுறையில் மாற்றம் வந்ததோ, அந்தத் தலைமுறைத் தந்தையின் பெயர் அப்படியே உறைந்துவிட்டது. அதன்பின் எட்வர்டின் மகனும் பாரிதான். தாமஸின் மகனும் பாரிதான்.

பாரிகள் எல்லாரும் உறவினரா?

அல்லர். ஹாரி என்ற பெயருடையோர் பலர் இருந்தனர். ஒவ்வொருவர் வழியிலும் தனித்தனியே பாரி குடும்பம் தோன்றியிருக்கலாம். வடதுருவத்தை நோக்கிச் சென்று 1827-இல் 82 பாகை 45 கலை அட்சரேகையை எட்டிய வில்லியம் எட்வர்ட் பாரியும் ஒரு பாரி. பெயரை மட்டும் கொண்டு அவரைச் சென்னைப் பாரிக்கு உறவினர் என்று சொல்ல இயலாது.

இதைச் சோதிக்க உயிரியலில் ஒரு வழி உண்டு. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்கிறது. குடும்பப் பெயரும் பெரும்பாலும் அவ்வழியே செல்கிறது. பிரையன் சைக்ஸ் என்ற மரபியலார் தம் பெயரையே கொண்ட ஆண்களை ஆராய்ந்து 2000-இல் முடிவை வெளியிட்டார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. அப்பெயர் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கலாம் என்பதற்கு அது சான்று. பாரி போலப் பல இடங்களில் தோன்றிய பெயர்களில் அத்தகைய ஒற்றுமையை எதிர்பார்க்க முடியாது.

நம் முதலெழுத்தும் அதே வழியில்

முருகேசன் மகன் செல்வம், மு. செல்வம், செல்வத்தின் மகள் மலர், செ. மலர். 'அப்' என்ற சொல் செய்த வேலையை நம்மிடம் ஒரு புள்ளியிட்ட எழுத்து செய்கிறது. சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு கேட்டுக்கொண்டது. பட்டம் நீங்கிய பெயருக்கு முதலெழுத்தே துணையாக நின்றது. பெயரைக் கேட்டுச் சாதியை அறிய முடியாமற்போனது சிறிய நன்மையன்று.

இன்று கடவுச்சீட்டு விண்ணப்பம் குடும்பப் பெயரைக் கேட்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டுடன் வரும் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ அதன் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பின்னர் விளக்கமும் வந்தது. இத்தகைய தொல்லைகளுக்கு அஞ்சிப் பலர் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிடுகின்றனர். செல்வம் அவ்வாறு செய்து, வெளிநாட்டில் பிறக்கும் மகளுக்கும் அதையே பதிந்தால் அவள் 'மலர் முருகேசன்' ஆவாள். தந்தையின் இடத்தில் தாத்தா அமர்ந்துவிடுவார். அவளுடைய பிள்ளைகளும் அதையே ஏற்றால் முருகேசன் யார் என்ற கேள்விக்கு விடை சொல்ல வீட்டில் ஆள் இருக்கமாட்டார். ஹாரிக்கு நேர்ந்ததும் இதுவே.

இதைத் தவறென்று சொல்வதற்கில்லை. ஆனால் விண்ணப்பத்தின் அந்தக் கட்டத்தை நிரப்புவோர், பின்வரும் தலைமுறைகளுக்கும் சேர்த்தே பெயர் எழுதுகிறோம் என்பதை அறிந்திருப்பது நல்லது. பாட்டன், பூட்டன் பெயர்களையும் பாட்டி, பூட்டி பெயர்களையும் வீட்டில் ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதி வைப்பதும் நல்லது.