குருதி கூறும் குறிப்பு

புகை கண்டவிடத்து நெருப்புண்டென உய்த்துணர்தலை அனுமானம் என்பர் நம் தருக்க நூலார். எச்.ஐ.வி தொற்றுற்றோரின் குருதியை ஆராயும் மருத்துவரும் அவ்வழியே செல்கின்றனர். அவ்வனுமானத்தின் பயனையும் எல்லையையும் ஈண்டு விளக்க விழைகின்றோம்.

எச்.ஐ.வி என்னும் வைரசு, உடலைக் காக்கும் சி.டி.4 வெண்குருதிக் கலங்களை அழிப்பது. ஒரு கனமில்லிமீற்றர் குருதியில் அக்கலங்கள் 200க்குக் குறையின் கொடிய தொற்றுகள் எளிதிற் பற்றும். எஞ்சிய வலிமையை இவ்வெண்ணிக்கை காட்டும். அழிவின் வேகத்தைக் குருதியிலுள்ள வைரசின் அளவு முன்னறிவிக்கும் என்பது 1996இல் வெளியான ஆய்வொன்றால் தெளிவாயிற்று.

சிகிச்சையிலும் இவ்வாராய்ச்சி தொடர்ந்தது. மருந்தை இடையிடையே நிறுத்தியோர், தொடர்ந்து உண்டோரினும் மிகுதியாக நோயுற்று இறந்தமையை 2006இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வு காட்டிற்று. அவ்வாய்விற் சேர்ந்தோருள், அழற்சியைக் காட்டும் இன்டர்லூக்கின்-6, குருதியுறைவைக் காட்டும் டி-டைமர் ஆகியன தொடக்கத்திலேயே மிக்கிருந்தோர்க்கு இறப்பின் அபாயம் மிகுதியென்பது 2008இல் வெளிப்பட்டது.

ஆயினும் குறிகாட்டி வேறு, நோய் வேறு. இன்டர்லூக்கின்-2 என்னும் பிறிதொரு பொருளை வழக்கமான மருந்துகளோடு சேர்த்துச் செலுத்தியபோது சி.டி.4 எண்ணிக்கை உயர்ந்தது. நோயோ இறப்போ குறையவில்லையென 2009இல் இரு பேராய்வுகள் நிறுவின. புகையை விசிறி அகற்றினால் நெருப்பு அவியுமோ? ஆதலின் குருதியின் குறிப்பை எச்சரிக்கையாகக் கொள்வோம். அதனையே நலமென மயங்காதிருப்போம். நாடோறும் தவறாது உண்ணும் மருந்தே அந்நெருப்பை அடக்கி வைப்பது.