இயந்திரம் மீளும், அமைவு மீளுமா?

ஒசூரில் இராயக்கோட்டை சாலையை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில் என் பழைய மாணவர் ஒருவர் வசிக்கிறார். நாள்தோறும் மாநில எல்லையைக் கடந்து பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குச் சென்று திரும்புபவர். அவர் வீட்டுக் கூடத்தின் மூலையில் ஆளுயரப் பெட்டி ஒன்று நிற்கிறது. மேசை போன்ற அதன் கீழ்ப்பகுதியில் பெரிய திரை ஒன்று மல்லாந்து படுத்திருக்கும். தலைப்பகுதியில் இன்னொரு திரை நிமிர்ந்து நிற்கும். பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள், முன்னால் இழுத்துவிட ஒரு கைப்பிடி. மெய்நிகர் பின்பால் என்று இதற்குப் பெயர்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அலுவலகக் கணினியில் மேலதிகாரிக்குத் தெரியாமல் விண்வெளிப் பின்பால் ஆடியவர்கள் இதை வாசிப்போரிலும் இருக்கக்கூடும். உண்மையான பின்பால் இயந்திரம் என்பது சாய்வான மேசையில் எஃகுக் குண்டை உருளவிட்டு, அது கீழே விழாமல் இரு சிறு துடுப்புகளால் அடித்து மேலே அனுப்பும் ஆட்டம். அமெரிக்காவில் 1931-இல் காட்லீப் நிறுவனத்தின் இயந்திரம் இதைப் பரவலாக்கியது. துடுப்புகள் வந்தது 1947-இல். சூதாட்டம் என்று கருதி 1942 முதல் 1976 வரை நியூயார்க் நகரம் இதைத் தடை செய்திருந்தது. பெரும் உற்பத்தியாளரான வில்லியம்ஸ் 1999-இல் இத்தொழிலிலிருந்து விலகியது. மறு ஆண்டே ராண்டி டேவிஸ் என்பவர் விஷுவல் பின்பால் என்ற மென்பொருளை வெளியிட்டார். பழைய மேசைகளைக் கணினித் திரையில் மீண்டும் உருவாக்கி விளையாடும் ஆர்வலர் கூட்டம் அதையொட்டி உலகெங்கும் வளர்ந்தது.

நம் மாணவரின் பெட்டிக்கான ஒட்டுப்பலகையை அளந்து அறுத்துப் பொருத்தியவர் அவருடைய தந்தை. சிப்காட் ஆலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் ஃபிட்டராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் மாலை நேரங்களில் மகனைவிட அவரே அதிகம் ஆடினார். இந்த ஆட்டங்களில் அதிக மதிப்பெண் பெறுபவர் தம் பெயரின் மூன்று எழுத்துகளைப் பதியலாம். பல மேசைகளின் பட்டியலில் தந்தையின் மூன்று எழுத்துகள் முதலிடத்தில் இருந்தன. அவர் காலமான பிறகும் அவை அங்கேயே இருந்தன.

சென்ற ஆண்டு சித்திரை மாதத்து இடிமழையில் மின்சாரம் போய், வந்து, மீண்டும் போய் வந்தது. அதன் பிறகு கணினி உயிர்பெறவில்லை. எஸ்எஸ்டி எனப்படும் சேமிப்பகம் செயலிழந்திருந்தது. பழைய ஹார்டு டிஸ்க் பல நேரங்களில் கரகரவென்ற ஓசையால் முன்னறிவிப்புத் தந்துவிட்டுச் சாகும்; எஸ்எஸ்டி பெரும்பாலும் சொல்லாமல் போய்விடும். “இயந்திரத்தை வாங்கிக்கொள்ளலாம் சார். அப்பாவின் எழுத்துகள் போய்விட்டன” என்றார் அவர். அதைக் கேட்ட பிறகுதான் இந்தப் பெட்டிக்குள் உண்மையில் எது சொத்து என்று யோசிக்கத் தொடங்கினேன்.

பொருளியல் கற்பித்தவன் என்பதால் முதலில் கணக்குத்தான் நினைவுக்கு வந்தது. திரை, கணினி, பலகை, பொத்தான் எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. கடையில் மீண்டும் கிடைக்கும். வருமான வரிக் கணக்கில் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் கழிக்கப்படுகிறது. அதாவது, மூன்றே ஆண்டுகளில் ஏட்டில் அதன் மதிப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆனால், அதற்குள் இருக்கும் அமைவு, நாம் பேச்சில் ‘செட்டிங்ஸ்’ என்கிறோமே அது, எதிர்த்திசையில் பயணிக்கிறது. எந்தத் திரை எந்தப் படத்தைக் காட்ட வேண்டும், கைப்பிடியை எவ்வளவு இழுத்தால் குண்டு எவ்வளவு வேகம் பெற வேண்டும், ஒவ்வொரு மேசைக்கும் ஒலி எவ்வளவு என்று இரண்டு ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதில் கரைந்திருந்தன. அந்த உழைப்புக்கு ரசீது இல்லை. வீட்டுக் காப்பீடும் பொதுவாகப் பொருளின் விலையைத்தான் பார்க்கிறது. ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2025 மார்ச்சில் ஏற்றுக்கொண்ட புதிய தேசியக் கணக்கு முறை, தரவையும் உற்பத்தி செய்யப்பட்ட சொத்தாகக் கருதச் சொல்கிறது. நிறுவனங்களுக்கான அந்த ஏற்பாடு கூடத்து மூலைக்கு வரப்போவதில்லை.

இந்த அமைவு எங்கே இருக்கிறது என்பதுதான் பலரும் தவறும் இடம். ஆட்டக் கோப்புகள் இருக்கும் கோப்புறையை அப்படியே ஒரு பென் டிரைவில் நகலெடுத்துவிட்டால் போதும் என்று தோன்றும். போதாது. விஷுவல் பின்பாலின் 10.8-க்கு முந்தைய பதிப்புகள் தம் அமைவுகளை விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்னும் உட்பதிவேட்டில் எழுதி வந்தன. பழைய இயந்திரங்களின் மூளையைப் போல நடிக்கும் விஷுவல் பின்மேம் என்ற துணை மென்பொருளும் ஒவ்வொரு மேசைக்குமான அமைவை அங்கேதான் வைக்கிறது. கோப்புறையை மட்டும் நகலெடுத்தவர் புதிய கணினியில் திறக்கும்போது ஆட்டங்கள் இருக்கும். ஆனால், படங்கள் தவறான திரையில் தோன்றும், மேசை தலைகீழாக நிற்கும். ஆகவே, அந்தப் பதிவேட்டுப் பகுதியைத் தனியாக ஏற்றுமதி செய்து வைக்க வேண்டும். அல்லது, வட்டு முழுவதையும் உள்ளது உள்ளபடி ஒரே பிம்பமாகப் படியெடுக்க வேண்டும். பின்னது எளிது என்பது என் எண்ணம்.

மதிப்பெண் பட்டியல் இருப்பது வேறோர் இடத்தில். 1990-களின் அசல் இயந்திரங்களில் மதிப்பெண்களையும் அமைவுகளையும் தாங்கிய நினைவகச் சில்லுக்கு, மின்சாரம் இல்லாதபோது உயிர் கொடுத்தவை மூன்று சாதாரண பேட்டரி செல்கள். அவை தீர்ந்தால் நினைவு அழியும். மாற்றாமல் விட்டால் கசிந்து மின்பலகையையே அரித்துவிடும். மெய்நிகர் இயந்திரத்தில் அந்தச் சில்லுக்குப் பதிலாக மேசைக்கு ஒன்றாகச் சில கிலோபைட் அளவுள்ள கோப்பு இருக்கிறது. ஒரு கைப்பேசிப் புகைப்படத்தில் நூற்றுக்கணக்கான இத்தகைய கோப்புகள் அடங்கும். தந்தையின் எழுத்துகள் இருந்தது அதில்தான். ஆட்டத்தை முறைப்படி மூடும்போதே பொதுவாக அது எழுதப்படுகிறது. ஆட்டத்தின் நடுவே மின்சாரம் போனால் அன்றைய சாதனையும் போகும்.

இந்த பேட்டரிக் கதை ஒசூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் இங்கே தொழிற்பேட்டை அமைத்த பிறகு, அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பேராலைகள் வந்தன. அவற்றைச் சுற்றி உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் பெருகின. அப்பட்டறைகளில் ஓடும் சிஎன்சி கடைசல் இயந்திரங்கள் பலவற்றில், ஃபானுக் போன்ற கட்டுப்பாட்டுக் கருவிகள் தம் அளவுருக்களை ஒரு சிறு லித்தியம் பேட்டரியின் துணையால்தான் நினைவில் வைத்திருக்கின்றன. திரையில் பேட்டரி எச்சரிக்கை வந்ததும், இயந்திரத்துக்கு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை மாற்ற வேண்டும். அணைத்துவிட்டு மாற்றினால், அல்லது பல மாதம் மாற்றாமலே விட்டால், பல லட்சம் ரூபாய் இயந்திரம் தன்னை யார் என்றே மறந்துவிடும். அளவுருக்களின் நகல் கையில் இருந்தால் சில மணி நேர வேலை. இல்லையென்றால் தயாரிப்பாளரின் பொறியாளருக்காகக் காத்திருக்க வேண்டும்; அதற்குள் கொள்முதல் செய்பவர் வேறு பட்டறையைத் தேடிவிடுவார். கடன் கொடுக்கும் வங்கி இயந்திரத்தின் விலையைக் கேட்கிறது. அளவுருக்களின் நகல் எங்கே என்று கேட்டதாக நான் அறியேன். பொழுதுபோக்குப் பெட்டியில் நகலெடுக்கப் பழகிய கை, பட்டறையிலும் அதைச் செய்யும் என்பதால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன்.

நகல் எத்தனை, எங்கே? அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 விதி நினைவில் நிற்க எளிது: மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். கணினியில் இருப்பது முதல் படி. வெளி ஹார்டு டிஸ்க்கில் இருப்பது இரண்டாவது. மூன்றாவது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி கிருஷ்ணகிரியில் உறவினர் வீட்டு அலமாரியில் இருக்கலாம். வட்டு முழுமைக்குமான பிம்பம் பெரியது. பெரிய மாற்றம் செய்யும்போது எடுத்தால் போதும். மதிப்பெண் கோப்புகளோ மிகச் சிறியவை. அவற்றை நாள்தோறும் தானாக மேகச் சேமிப்புக்கு அனுப்ப ஏற்பாடு செய்யலாம். ஆனால், ஒன்றன்மேல் ஒன்றாக எழுதாமல் தேதியிட்டுத் தனித்தனியாக வைக்க வேண்டும். இல்லையென்றால் இன்று கெட்டுப்போன கோப்பு, நேற்றைய நல்ல நகலின் மேலேயே போய் உட்காரும்.

நகலெடுத்ததும் வெளி வட்டைக் கழற்றிவிட வேண்டும். இரண்டு காரணங்கள். கணினியோடு இணைந்தே கிடக்கும் வட்டு, கணினியைத் தாக்கும் மின்னதிர்வையும் பங்கு போட்டுக்கொள்ளும். பிணைப்பணம் கேட்கும் தீநிரல் புகுந்தால் இணைந்திருக்கும் நகலையும் சேர்த்தே பூட்டிவிடும். 2022 நவம்பர் 23-ஆம் தேதி தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளை அத்தகைய தாக்குதல் முடக்கியபோது, நாட்டின் முதன்மையான மருத்துவ நிறுவனம் பல நாள்கள் காகிதத்திலும் பேனாவிலும் இயங்கியது.

இனி மின்சாரம். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் ஒருமுனை இணைப்பு. தெருக்கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால், அண்டை வீட்டுச் சுமையைப் பொறுத்து நம் வீட்டு மின்னழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கவும் கூடும். கடையில் விற்கும் சர்ஜ் ப்ரொடெக்டர் நொடியின் மிகச் சிறு பகுதியே நீடிக்கும் மின்வீச்சைத் தாங்கப் பிறந்தது. நிமிடக் கணக்கில் நீடிக்கும் இந்த அதிக அழுத்தத்தில் அதுவே எரிந்துவிடும். அதற்கு, அழுத்தம் மிகும்போதும் குறையும்போதும் தானே துண்டிக்கும் கருவியை மெயின் பெட்டியில் பொருத்த வேண்டும். ஸ்டெபிலைசர் இவ்விரண்டுக்கும் மாற்று அல்ல. யுபிஎஸ் ஒன்று இருந்தால், ஆட்டத்தை மூடிக் கணினியை முறையாக அணைக்கச் சில நிமிடங்கள் கிடைக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை எர்த்திங். எங்கள் பகுதி கருங்கல் பூமி. கோடையில் எர்த் குழி காய்ந்து மின்தடை கூடிவிடும். உப்பும் கரியும் இட்ட குழியில் வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றச் சொன்ன பழைய எலெக்ட்ரீஷியன்கள் அறிந்துதான் சொன்னார்கள். வாடகை வீடுகள் சிலவற்றில் சுவர்ப் பிளக்கின் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருப்பதில்லை. மாணவரின் வீட்டில் சோதித்தபோது தெரியவந்ததும் இதுவே. இடி இடிக்கத் தொடங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிடுவதே இன்றைக்கும் மலிவான பாதுகாப்பு. இணைய கேபிள் செம்புக் கம்பியாக இருந்தால் அதையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். பெட்டிக்குள் அதிர்வு தருவதற்காக சோலனாய்டு சுருள்கள் வைத்திருப்போர், ஒவ்வொன்றுக்கும் டையோடும் ஃபியூஸும் உண்டா என்று பார்த்துக்கொள்வது நல்லது. சுருள் அணையும்போது திருப்பி வீசும் மின்னழுத்தம் கட்டுப்பாட்டுப் பலகையைக் கொல்லும். அணையாமல் மாட்டிக்கொண்ட சுருள் புகையும்.

நகல் எடுப்பவர்களிலும் பெரும்பாலோர் செய்யாத ஒன்று, அந்த நகலைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது. 1998-இல் பிக்சார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் தவறான ஒரு கட்டளையால் அழிந்தன. காப்பு நகலைத் தேடியபோது அது ஒழுங்காகப் பதிவாகவே இல்லை என்று தெரிந்தது. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து பணிபுரிந்த கேலின் சஸ்மன் என்ற பணியாளரின் வீட்டுக் கணினியில் இருந்த படியே படத்தைக் காப்பாற்றியது. பெருநிறுவனத்துக்கே அந்த நிலை. எனவே, இன்னொரு வட்டு வாங்கி, நகலை அதில் இறக்கி, பெட்டியில் மாட்டி, ஆட்டம் தொடங்குகிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்த்துவிட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அதற்குப் போதும்.

மாணவருக்கும் அப்படி ஒரு தற்செயல் உதவியது. இதே போன்ற பெட்டி செய்ய விரும்பிய கிருஷ்ணகிரி சித்தப்பா மகனுக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் சில ஆட்டங்களை அவர் பென் டிரைவில் கொடுத்திருந்தார். தம்பி பெட்டி செய்யவில்லை. பென் டிரைவ் மட்டும் மேசை இழுப்பறையில் கிடந்தது. அதில் ஒரே ஒரு மேசையின் மதிப்பெண் கோப்பு இருந்தது. ஆட்டம் புதிதாக இருந்த நாள்களில் பதிவானது என்பதால் தந்தையின் மூன்று எழுத்துகள் அதில் முதலிடத்தில் இல்லை. நான்காவது இடத்தில் இருந்தன. மீட்டமைத்த பெட்டியில் அந்த மேசையை இப்போது யாரும் ஆடுவதில்லை. நகல்கள் மூன்று இடங்களில் இருக்கின்றன.